படகில் ஏறாத பட்டறை

யாழ்ப்பாணத் தீவகத்தில் துவக்குத் திருத்தும் தொழிலை ஊர் ஊராகப் போய்ச் செய்ய முடியுமா? சட்டம் சொல்வதும் வரலாறு சொல்வதும்

குறிகட்டுவான் இறங்குதுறையில் ஒரு காலைப்பொழுது நின்று பார்த்தால் தீவுகளின் சீவியம் எதில் தங்கியிருக்கிறது என்பது விளங்கிவிடும். சீமெந்துப் பைகள், எரிவாயுச் சிலிண்டர்கள், மரக்கறிக் கூடைகள், பாடசாலை ஆசிரியர்கள், தாதியர், நயினை அம்மனுக்கு நேர்த்தி வைத்த குடும்பங்கள், எல்லாரையும் எல்லாவற்றையும் படகுதான் சுமக்கிறது. நயினாதீவுக்குக் கால் மணித்தியாலம் போதும். நெடுந்தீவுக்கு, கடல் பொறுமையாக இருந்தால், ஒரு மணித்தியாலம். திருத்துவேலைக்காரரும் அதே படகில்தான் வருகிறார்கள். மீன்பிடிப் படகின் எஞ்சின், நீர்ப்பம்பி, தையல் மெசின், கைத்தொலைபேசி என்று எது பழுதானாலும், பொருளைப் பட்டினத்துக்குக் கொண்டுபோவதைவிட வேலை தெரிந்தவரைத் தீவுக்கு வரவழைப்பதுதான் இலாபம். அரசாங்கமும் இதை உணர்ந்தே அடையாள அட்டைக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் நடமாடும் சேவை நடத்துகிறது.

இந்த வரிசையில் இல்லாத தொழில் ஒன்று உண்டு. கருவிப்பெட்டியோடு தீவு தீவாகப் போய்த் துவக்குத் திருத்துவது. அமெரிக்காவில் அப்படியொரு தொழில் இருக்கிறது. வாகனத்தின் பின்புறத்தைப் பட்டறையாக்கிச் சுடும் போட்டிகள் நடக்கும் இடங்களுக்குப் போய்க் குழல் துப்புரவு பார்க்கிறார்கள், விசை சரிசெய்கிறார்கள். அதைக் காணொளியில் பார்க்கும் நம்மூர்ப் பொடியன், லேத் வேலையும் வெல்டிங்கும் கைவந்தவன், இதை இங்கேயும் செய்யலாமோ என்று கேட்டால் குற்றம் சொல்ல முடியாது. தொழில் தேடுகிறவன் எல்லாப் பக்கமும் பார்ப்பான். அவனுக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். செய்ய முடியாது. ஏன் முடியாது, அந்த மறுப்பில் எவ்வளவு நியாயம் இருக்கிறது, அந்த நியாயத்துக்குப் பின்னால் கவனிப்பாரற்றுக் கிடக்கும் தேவை எது என்பதையும் அவனுக்குச் சொல்லியாக வேண்டும்.

ஒரு பெயர், ஓர் இலக்கம், ஒரு விலாசம்

இலங்கையில் துவக்குகளை ஆளும் அடிப்படைச் சட்டம் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க சுடுகலன் கட்டளைச் சட்டம். முதலாம் உலக யுத்தத்தின் நடுவில், 1915 கலவரம் நடந்து அடுத்த ஆண்டில், பிரித்தானிய ஆட்சி கொண்டுவந்தது. நூறாண்டுக்கு மேலாகிவிட்டது. திருத்தங்கள் வந்திருக்கின்றன, அடித்தளம் மாறவில்லை. அந்த அடித்தளம் மிக எளிமையானது: ஒவ்வொரு துவக்கும் ஒருவருடைய பெயரில், ஒரு தொடரிலக்கத்தோடு, ஒரு விலாசத்தில் இருக்க வேண்டும்.

தோட்டமும் வயலும் காக்க வைத்திருக்கும் சொட்கனுக்கு மாவட்டச் செயலகத்தில், நம்மவர் வாயில் இன்றைக்கும் கச்சேரியில், அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். விதானையாரின் அறிக்கை, பிரதேச செயலாளரின் பரிந்துரை, பொலிஸின் நன்னடத்தை அறிக்கை என்று படிப்படியாகப் போகும். பிஸ்டலும் ரிவோல்வரும் என்றால் பாதுகாப்பு அமைச்சு. எந்த வகையானாலும் அனுமதி அந்தந்த ஆண்டு டிசம்பர் 31 உடன் காலாவதியாகிவிடும். புதுப்பிக்காமல் வீட்டில் வைத்திருந்தால், நேற்றுவரை சட்டப்படி இருந்த அதே துவக்கு அடுத்த நாள் காலையில் சட்டவிரோதத் துவக்கு. 22 ஆம் பிரிவின் கீழ் அது குற்றம். 1996 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டனைகளைப் பன்மடங்கு கூட்டியது. தானியங்கித் துவக்கு என்றால் ஆயுட்சிறை வரை போகலாம்.

இந்த ஏற்பாட்டுக்குள் திருத்துபவர் எங்கே நிற்கிறார் என்பதுதான் நமது விடயம். துவக்குச் செய்வது, விற்பது, திருத்துவது மூன்றையுமே அனுமதியில்லாமல் தொழிலாக நடத்த முடியாது. திருத்துவதை ஏன் விற்பதோடு ஒன்றாகச் சேர்த்தார்கள் என்று சிலருக்குத் தோன்றலாம். சைக்கிள் கடைக்காரர் சைக்கிள் விற்பவர் அல்லவே? இந்தச் சட்டத்தின் கண்ணுக்கு அந்த வேறுபாடு தெரியாது. உங்களுடைய துவக்கை நான் திருத்த வாங்கினால், அது என் மேசையில் கிடக்கும் நேரமெல்லாம் நான்தான் அதை வைத்திருப்பவன். பத்திரம் உங்கள் பெயரில், பொருள் என் கையில். அந்த இடைவெளியை மூடுவதற்காகவே திருத்துபவருக்கென்று தனி அனுமதி தேவைப்படுகிறது.

இந்தியச் சட்டம் இதை இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறது. 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 5 ஆம் பிரிவு செய்தல், விற்றல், கைமாற்றல், மாற்றியமைத்தல், திருத்துதல், சோதித்தல் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி அனைத்துக்கும் உரிமம் வேண்டும் என்கிறது. குழலை வெட்டிக் குறுக்குவதற்கு 6 ஆம் பிரிவில் தனியான கட்டுப்பாடு. அந்தச் சட்டத்தில் ஆயுதம் என்றால் அதன் பாகங்களும் ஆயுதமே. அதைச் செய்யும் இயந்திரங்களும் அந்த வரைவிலக்கணத்துக்குள் வருகின்றன. ஒரு திருத்துபவரின் பெட்டியில் இருக்கக்கூடிய ஒவ்வொரு பொருளையும் சட்டம் ஏற்கனவே எண்ணிப் பார்த்துவிட்டது.

திறக்கும் கதவுகளும் திறக்காத கதவும்

நெடுந்தீவில் யாரோ ஒருவர் உண்மையாகவே இந்தத் தொழிலைத் தொடங்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் வியாபாரப் பெயரைப் பதிய வேண்டும். 1918 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க வியாபாரப் பெயர்கள் கட்டளைச் சட்டம் அதற்கு வழிகாட்டுகிறது. பிரதேச செயலகத்தில் படிவம் கிடைக்கும். அடுத்தது பிரதேச சபையின் வர்த்தக அனுமதி. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த சபைகள் நெடுந்தீவிலும் ஊர்காவற்துறையிலும் வேலணையிலும் இருக்கின்றன. பேக்கரிக்கும் அரைக்கும் ஆலைக்கும் கேட்பதைத்தான் இதற்கும் கேட்பார்கள்: இடம் எங்கே?

அந்த ஒரு கேள்வியிலேயே நடமாடும் திட்டம் தடுக்கிவிடுகிறது. பட்டறை படகில் போகும் என்று சொன்னால் எந்தச் சபை அனுமதி கொடுக்கும்? நயினாதீவும் புங்குடுதீவும் வேலணைப் பிரதேச செயலகத்தின் கீழ். அனலைதீவும் எழுவைதீவும் ஊர்காவற்துறையின் கீழ். நெடுந்தீவுக்குத் தனிச் செயலகம். ஒரே நாளில் மூன்று தீவுக்குப் போகும் மனிதர் இரண்டு மூன்று அதிகார எல்லைகளைக் கடக்கிறார். மரக்கறி விற்பவருக்கு இது ஒரு பொருட்டல்ல. துவக்கோடு போகிறவருக்கு ஒவ்வோர் எல்லையும் ஒரு பொலிஸ் பதிவு.

இவையெல்லாம் தாண்டினாலும் வெடிமருந்து என்ற தனி வாசல் இருக்கிறது. திருத்திய துவக்கைச் சுட்டுப் பார்க்காமல் திருப்பிக் கொடுப்பது பொறுப்பற்ற வேலை. சுட்டுப் பார்க்கத் தோட்டா வேண்டும். தோட்டாவும் துவக்கு மருந்தும் 1956 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க வெடிபொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. டைனமைட் வெடித்து மீன்பிடிப்பது பற்றிய புகார்கள் எழும் கடற்பரப்பில், வெடிமருந்தோடு படகேறும் ஒருவரை யாரும் சாதாரணப் பயணியாகப் பார்க்கப் போவதில்லை. பார்க்கவும் கூடாது.

தற்போதைய சூழலும் கட்டுப்பாடு இறுகும் பக்கமே சாய்ந்திருக்கிறது. 2024 நவம்பரில், தற்காப்புக்கென்று பொதுமக்களுக்குக் கொடுத்த துவக்குகளையும் தோட்டாக்களையும் மீளாய்வுக்காகத் தற்காலிகமாக ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. அவற்றைக் கடற்படையின் வணிக வெடிபொருள், சுடுகலன் கொள்வனவுப் பிரிவிடம் கையளிக்கச் சொன்னார்கள். சில மாதங்களுக்குப் பிறகு, 2025 பெப்ரவரி 19 அன்று, கொழும்பில் நீதிமன்றக் கூண்டுக்குள்ளேயே ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சட்டப் புத்தகமொன்றின் உட்புறத்தைக் குடைந்து அதற்குள் ரிவோல்வர் கொண்டுவரப்பட்டிருந்தது. அதற்குப் பிறகு துவக்குத் தொழிலுக்குப் புதிய தளர்வு கேட்டு எவரும் எந்த அலுவலகத்துக்கும் இலேசில் போய்விட முடியாது.

வெளிநாடுகள் விலாசத்தை விடுவதில்லை

நடமாடும் துவக்குத் திருத்தம் என்றதும் நாம் நினைக்கும் அமெரிக்காவில்கூடக் காரியம் பார்ப்பதற்குத்தான் சுதந்திரமாகத் தெரிகிறது. 1968 ஆம் ஆண்டின் துவக்குக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், துவக்குத் திருத்துவதைத் தொழிலாகச் செய்பவரும் வியாபாரி என்றே கணிக்கப்படுகிறார். அவர் மத்திய அரசின் உரிமம் எடுக்க வேண்டும். மூன்று ஆண்டுக்கு 200 டொலர், பிறகு புதுப்பிக்க 90 டொலர். பணம் பெரிய தடையல்ல. அந்த உரிமம் ஒரு மனிதருக்கு மட்டும் கிடைப்பதில்லை, அவர் தொழில் செய்யும் ஓர் இடத்தோடு சேர்த்தே கிடைக்கிறது. இடம் இல்லாமல் உரிமம் இல்லை.

அங்கே திருத்துபவருக்கு இருக்கும் ஒரு சலுகையை மட்டும் நாம் கவனித்துப் பார்க்கலாம். உரிமையாளர் காத்திருக்க, கண்முன்னாலேயே வேலையை முடித்து அன்றே திருப்பிக் கொடுத்தால், அந்தத் துவக்கை வரவு செலவுப் பதிவேட்டில் எழுத வேண்டியதில்லை. ஓர் இரவு தங்கினால் எழுதியே ஆக வேண்டும். ஒழுங்குபடுத்தப்பட்ட சுடும் போட்டிகளில் உரிமம் பெற்றவர் அங்கேயே சிறு திருத்தங்கள் செய்யவும் இடமுண்டு. அதாவது உரிமையாளர் பக்கத்தில் நிற்கிறார், பலர் பார்க்கிறார்கள், துவக்கு கைமாறவில்லை என்ற நிலையில் மட்டும் சட்டம் கொஞ்சம் இளகுகிறது. இந்த நியாயம் எனக்கு மிகவும் பிடித்தது. பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

பிரித்தானியாவில் 1968 ஆம் ஆண்டின் சுடுகலன் சட்டம் பொலிஸில் பதிவுசெய்யாத ஒருவர் துவக்குத் திருத்துவதைத் தொழிலாகச் செய்வதைத் தடுக்கிறது. பதிவு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. தொழில் நடக்கும் ஒவ்வோர் இடத்தையும் தனித்தனியே குறிப்பிட வேண்டும். நமது சட்டம், இந்தியாவின் சட்டம், பிரித்தானியச் சட்டம் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே வம்சம் என்பது தெரியும்.

தமிழ்நாட்டில் துவக்கோடு ஊர் ஊராக நடந்த ஒரு சமூகம் இருந்தது. நரிக்குறவர்கள். குழலின் வாய்வழியாக மருந்தை இடித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கியைத் தாங்களே பராமரித்து, வயலோரங்களில் கொக்கும் காடையும் அடித்து வாழ்ந்தவர்கள். வன்னியில் நாம் இடியன் துவக்கு என்று சொல்லும் இனத்தைச் சேர்ந்த ஆயுதம் அது. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது வேட்டை குற்றமாயிற்று. துப்பாக்கி கையில் இருந்ததே அவர்களைச் சந்தேகத்துக்குள்ளாக்கியது. அந்தச் சமூகத்தைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் 2023 இல்தான் நடைமுறைக்கு வந்தது. விலாசமில்லாத மனிதரையும் ஆயுதத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது அரசுகள் எவ்வளவு கடுமையாக நடந்துகொள்ளும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

தீவுகள் துவக்கை அறிந்த விதம்

மேலே சொன்னவை எல்லா ஊருக்கும் பொருந்தும். தீவகத்துக்கென்று தனிக் காரணம் ஒன்று இருக்கிறது. அது சட்டப்புத்தகத்தில் எழுதப்பட்டதல்ல.

யுத்தத்துக்கு முன் தீவுகளிலும் குடாநாட்டிலும் அனுமதிப்பத்திரத்தோடு வேட்டைத் துவக்கு வைத்திருந்த வீடுகள் இருந்தன. எண்பதுகளின் முற்பகுதியில் தமிழ் இயக்கங்கள் ஆயுதம் தேடியபோது முதலில் தட்டியது அந்தக் கதவுகளைத்தான். இராமன் ஆண்டாலும் இராவணன் ஆண்டாலும் கவலையில்லை என்றிருந்த கமக்காரரின் துவக்கு இரவோடு இரவாகக் கை மாறியது. அதற்கு முன் 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் தென்னிலங்கைக் கிராமங்களில் ஜே.வி.பி. இளைஞர்கள் செய்ததும் இதுவே. யார் வீட்டில் துவக்கு இருக்கிறது என்ற தகவல் துவக்கைப்போலவே ஆபத்தானது என்பதை இரண்டு தலைமுறைகள் இப்படிக் கற்றுக்கொண்டன.

இந்த இடத்தில்தான் நடமாடும் திருத்துபவரைப் பற்றி நான் உண்மையாகவே பயப்படுகிறேன். அவர் எவ்வளவு நல்லவராகவும் இருக்கட்டும். ஆறு மாதம் தீவு தீவாகப் போய்வந்தால் எந்த வீட்டில் எந்தத் துவக்கு, அது சுடுமா சுடாதா, வீட்டில் எத்தனை பேர், துவக்கை எங்கே வைக்கிறார்கள் என்பதெல்லாம் அவருடைய குறிப்புப் புத்தகத்திலும் தலையிலும் இருக்கும். அந்தப் புத்தகம் ஒரு வரைபடம். அதைக் கேட்டு நாளைக்கு யார் வருவார்கள் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. கேட்டு வருகிறவர்களுக்கு முன்னால் அவரால் மறுத்து நிற்க முடியாது. நிலையான பட்டறையின் பதிவேடு பொலிஸ் பார்வையிடும் பெட்டகத்தில் பூட்டியிருக்கும். பயணப் பையில் இருக்கும் பதிவேட்டுக்கு அந்தப் பாதுகாப்புக் கிடையாது.

தீவுகளில் நடந்தவற்றை நினைத்துப் பார்த்தால் இந்தப் பயம் மிகையாகத் தெரியாது. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்து, இருபதுக்கும் மேற்பட்ட பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். கொன்றவர்கள் கடற்படையினர் என்று உயிர்தப்பியவர்கள் சாட்சியம் சொன்னார்கள். 1987 யூலை 29 அன்று இந்திய இலங்கை உடன்படிக்கை கைச்சாத்தானது. மோதல் நிறுத்தம் நடைமுறைக்கு வந்து 72 மணித்தியாலங்களுக்குள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று அது சொன்னது. ஓகஸ்ட் 5 அன்று பலாலியில் ஒரு பகுதி ஆயுதங்கள் கையளிக்கப்பட்டன. ஒக்டோபரில் யுத்தம் மீண்டும் தொடங்கிவிட்டது. 1990 ஓகஸ்டில் இராணுவம் தீவுகளுக்குள் இறங்கியபோது ஊர்கள் வெறுமையாயின. 1992 ஓகஸ்ட் 8 அன்று ஊர்காவற்துறைத் தீவின் அராலித்துறைப் பகுதியில் வெடித்த கண்ணிவெடியில் லெப்டினன்ட் ஜெனரல் டென்சில் கொப்பேகடுவவும் அவரோடு சென்ற மூத்த அதிகாரிகளும் கொல்லப்பட்டனர்.

அதன் பிறகும் ஆண்டுக்கணக்காகத் தீவகத்தில் கடற்படையோடு ஆயுதமேந்திய தமிழ்க் குழுவும் நிலைகொண்டிருந்தது. 2002 பெப்ரவரி போர்நிறுத்த உடன்படிக்கையின் 1.8 ஆம் பிரிவு, தமிழ்த் துணைப்படைக் குழுக்களின் ஆயுதங்களை 30 நாட்களுக்குள் அரசாங்கம் களைய வேண்டும் என்று எழுதியது. 2006 மே 13 இரவு அல்லைப்பிட்டியில் வீடு புகுந்து சுட்டவர்கள் குழந்தைகளையும் விட்டுவைக்கவில்லை. இவ்வளவையும் கண்ட சனத்திடம், துவக்குத் திருத்துகிற ஆள் வாசலுக்கு வந்திருக்கிறார் என்று சொன்னால் கதவு திறக்குமா?

கைவேலை தெரிந்தவர்களும் அக்காலத்தில் தங்கள் திறமைக்கு விலை கொடுத்தார்கள். லேத் வைத்திருந்தவரை ஒரு பக்கம் வேலைக்குக் கூப்பிட்டது, மறுபக்கம் விசாரணைக்குக் கூப்பிட்டது. பசீலன் என்ற பெயரில் உள்ளூரிலேயே மோட்டார் பீரங்கி செய்யப்பட்ட மண் இது. இரும்பை உருக்கிக் கடைந்து சரிசெய்யும் ஒருவரின் கை எதைச் செய்கிறது என்பதைத் தாண்டி, எதைச் செய்யக்கூடும் என்பதற்காகவே அவர் கண்காணிக்கப்பட்டார். இன்றைக்கு ஒரு பொடியனை அந்த இடத்தில் மறுபடியும் கொண்டுபோய் நிறுத்த எனக்கு மனமில்லை.

துருப்பிடித்த துவக்கு வந்தால்

தீவுகளிலோ வன்னியிலோ திருத்துபவர் ஒருவர் உட்கார்ந்தால் அவரிடம் முதலில் வரக்கூடியது பத்திரமுள்ள துவக்காக இராது. கிணறு இறைக்கும்போது, அத்திவாரம் தோண்டும்போது, பற்றைக் காணி துப்புரவாக்கும்போது அகப்பட்ட பழைய இரும்பாக இருக்கும். அப்பு காலத்துச் சாமான், ஒருக்கா பாருங்கோ என்று சாக்கில் சுற்றிக் கொண்டுவருவார்கள். அதை வாங்கிக் கையில் எடுத்தாலே, பத்திரமில்லாத ஆயுதத்தை வைத்திருந்த குற்றம் திருத்துபவர் தலையில் விழும். இரக்கத்துக்காகத் துருவைச் சுரண்டிக் கொடுத்தாலும் அதே குற்றம்தான். உள்ளே தோட்டா கிடந்தால் உயிரும் போகலாம். அப்படியொன்று அகப்பட்டால் தொடாமல், இடத்தைவிட்டு அசைக்காமல், பொலிஸுக்கு அறிவிப்பது ஒன்றே வழி. ஊர்காவற்துறையிலும் நெடுந்தீவிலும் பொலிஸ் நிலையங்கள் இருக்கின்றன.

வயதுபோனவர் இறந்த பிறகு வீட்டில் துவக்கு மிஞ்சும் நிலைமையும் இதைப் போன்றதே. பத்திரம் இறந்தவரின் பெயரோடு முடிந்துவிடுகிறது. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் உறவினரின் தலையில் அது பொறுப்பாக விழுகிறது. காணி உறுதி மாதிரி அதுவும் வாரிசுக்குப் போகும் என்று நினைத்துவிடக்கூடாது. உடனடியாகக் கச்சேரிக்கோ பொலிஸுக்கோ எழுத்தில் அறிவித்து ஒப்படைத்தால் பிரச்சினை அத்தோடு முடியும்.

உப்புக்காற்று என்ற எதிரி

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. துவக்கு வைத்திருக்க ஒருவருக்கு அனுமதி கொடுத்த அரசாங்கம், அது வெடித்து அவர் கண்ணைக் கெடுக்காதபடி பார்த்துக்கொள்ள ஒரு வழியும் செய்துகொடுக்கவில்லை.

சொட்கன் பார்வைக்கு எளிமையான பொருள். 12 போர் என்றால் அதன் குழலுக்கு அளவான ஈயக் குண்டுகள் 12 சேர்ந்தால் ஒரு இறாத்தல் எடை வரும் என்பது பழைய கணக்கு. குழலின் உட்புற விட்டம் 18.5 மில்லிமீற்றர் அளவில் வரும். அந்தக் குழலுக்குள் ஒரு நொடியின் மிகச்சிறிய பங்கில் பெரும் அழுத்தம் எழுகிறது. உப்புக்காற்று படும் வீட்டில், எண்ணெய் பூசாமல் பரணில் கிடந்த துவக்கின் குழலில் குழி குழியாகத் துரு விழும். வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே சுவர் மெலிந்துபோயிருக்கும். ஊசி தேய்ந்திருந்தால் தோட்டா தாமதித்து வெடிக்கலாம். சுடவில்லை என்று குழலைத் திறந்து பார்க்கிறவரின் முகத்துக்கு நேரே வெடிக்கலாம். விசையைப் பிடித்திருக்கும் கொக்கி மழுங்கியிருந்தால் நிலத்தில் வைத்தவுடனே சுடக்கூடும்.

பழைய ஆங்கிலேயத் துவக்குகளின் குழலில் பேர்மிங்ஹாம் சோதனைச்சாலையின் முத்திரையைக் காணலாம். 1813 இல் தொடங்கிய அந்த நிலையம் ஒவ்வொரு குழலையும் வழமைக்கு மேற்பட்ட மருந்து வைத்துச் சுட்டுப்பார்த்த பிறகே முத்திரை குத்தியது. துரு சுரண்டிச் சுரண்டிக் குழலின் உள்விட்டம் அகன்றுவிட்டால் அந்த முத்திரைக்குப் பெறுமதி இல்லை. அவர்களுடைய நாட்டில் மறுபடி சோதிக்காமல் அதை விற்க முடியாது. நம்மிடம் அப்படி மறுசோதனை செய்ய ஊருக்குப் பக்கத்தில் எந்த ஏற்பாடும் இல்லை. ஆண்டுதோறும் பத்திரம் புதுப்பிக்கிறோம். கடதாசியில் தொடரிலக்கம் சரிதானா என்று பார்க்கிறோம். அந்த இரும்பு சுடத் தகுதியாக இருக்கிறதா என்பதைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் அந்த மேசையில் இருப்பதில்லை.

இதனால்தான் கள்ளத்தனமான திருத்தம் நடக்கிறது. சைக்கிள் கடையிலோ கொல்லன் பட்டறையிலோ ஒரு வில்லைப் பற்றவைத்துக் கொடுப்பார்கள். சூடேற்றிய உருக்கு தன் வலுவை இழந்துவிடும் என்பது பற்றவைப்பவருக்குத் தெரியாது, கொண்டுவந்தவருக்கும் தெரியாது. வன்னியில் பன்றிக்கும் மானுக்கும் கட்டப்படும் கட்டுத்துவக்குகளும் இதே போன்ற கள்ளப்பட்டறைகளில் பிறந்தவைதான். அந்தக் கட்டுத்துவக்குகளில் விறகு பொறுக்கப் போனவர்களின் கால்களும் போயிருக்கின்றன.

செய்யக்கூடியது எது

அமெரிக்கச் சட்டம் இளகும் அந்த ஒரு புள்ளியைச் சொன்னேன். உரிமையாளர் பக்கத்தில், பலர் பார்க்க, கைமாறாமல். நம் தீவுகளுக்குப் பொருந்தும் வழி அதில் இருக்கிறது என்று நம்புகிறேன். தனியார் ஒருவர் தன் விருப்பப்படி படகேறும் தொழிலாக இது ஒருபோதும் வேண்டாம். பத்திரம் புதுப்பிக்கும் நாளையே பரிசோதனை நாளாக்கலாம். 2025 ஆம் ஆண்டுக்கான புதுப்பித்தல் 2024 ஒக்டோபர் முதலாம் திகதி தொடங்கி டிசம்பர் 31 வரை நடந்தது. அப்படிப்பட்ட புதுப்பித்தல் காலத்தில் ஒரு நாள் நெடுந்தீவுப் பிரதேச செயலகத்திலும் ஒரு நாள் வேலணையிலும் ஒரு நாள் ஊர்காவற்துறையிலும் பொலிஸ் முன்னிலையில் ஒரு மேசை போடட்டும். நிலையான பட்டறையும் அனுமதியும் உள்ள ஒரு திருத்துபவரையோ பொலிஸ் படைக்கலப் பிரிவின் ஆயுதத் திருத்துநரையோ அங்கே உட்கார வைக்கட்டும். பத்திரதாரி தன் துவக்கைத் தானே கொண்டுவந்து, தானே பக்கத்தில் நின்று, பார்த்து முடிந்ததும் தானே கொண்டுபோகட்டும். சிறு பழுது என்றால் அங்கேயே சரிசெய்யலாம். குழல் மெலிந்தது, கொக்கி மழுங்கியது என்றால் சுடத் தகாதது என்று எழுதிக் கையெழுத்திட்டு, ஒப்படைக்கும் வழியைக் காட்டலாம். யாருடைய வீட்டுக்கும் யாரும் போக வேண்டியதில்லை. பதிவேடு அரச பெட்டகத்தைவிட்டு அசைய வேண்டியதில்லை.

நெடுந்தீவில் இதற்கு இன்னொரு அவசியமும் இருக்கிறது. தீவின் ஒரு பகுதி 2015 இல் தேசிய பூங்காவாகப் பிரகடனமானது. 1,800 ஹெக்டெயருக்கு மேற்பட்ட அந்த நிலத்தில்தான் ஒல்லாந்தர் காலத்திலிருந்து இருப்பதாகச் சொல்லப்படும் கட்டைக் குதிரைகள் மேய்கின்றன. பூங்கா எல்லைக்குள் துவக்கோடு நுழைவதே வனசீவராசிகள் சட்டப்படி குற்றம். அதன் எல்லைக்கு அருகே காணி உள்ளவர்களுக்கு அந்தக் கோடு எங்கே போகிறது என்று வரைபடத்தைக் காட்டிச் சொல்ல, பரிசோதனை நாளைவிடப் பொருத்தமான நாள் எது?

லேத் வேலை தெரிந்த அந்தப் பொடியனுக்கும் இடமுண்டு. துவக்குத் திருத்துவதைக் கற்க ஆசை என்றால் நடமாடும் பெட்டியில் தொடங்காமல், அனுமதியுள்ள பட்டறையொன்றில் வேலைக்குச் சேர்ந்து கையைப் பழக்கட்டும். அதற்கான பொலிஸ் அறிக்கையைத் தயங்காமல் கேட்டு எடுக்கட்டும். அதுவரை அவனுடைய கருவிப்பெட்டிக்குத் தீவுகளில் வேலை நிறையவே காத்திருக்கிறது. நெடுந்தீவில் படகு எஞ்சின் பழுதானால் தொழில் நின்றுபோகும் குடும்பங்கள் பல. நீர்ப்பம்பி நின்றால் தோட்டம் வாடும். அவற்றுக்குப் பத்திரமும் வேண்டாம், பொலிஸ் அறிக்கையும் வேண்டாம். முதல் படகுக்கு அவன் ஏறலாம்.

யாழ்ப்பாணக் கச்சேரியும் மூன்று பிரதேச செயலகங்களும் பொலிஸ் தலைமையும் ஒரே மேசையில் உட்கார்ந்து அடுத்த ஒக்டோபருக்கு முன் இதைத் தீர்மானிக்கலாம். புதிய சட்டம் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கையும் அதற்கு மூன்று நாள் படகுச் செலவும் போதும்.